மங்கல் நட்சத்திரத்தின் பக்கம்

பிப்ரவரி 6, வெள்ளி

காலையில் மழை. மத்தியானம் வெயில். நாலு மணிக்கு மறுபடி மழை. இந்தப் பத்து பாகாட் ஊர் வானத்துக்கு ஒரு புத்தி கிடையாது.

ஃபேக்டரியில் இன்னிக்கு முழுக்க சாம்பல் கலர் துணி. விளக்குப் பலகை மேல துணி ஓடும், நான் நின்னு பார்க்கணும், நூல் விட்ட இடத்துல ஸ்டிக்கர் ஒட்டணும். பத்தொன்பது வருஷமா இதே பிழைப்பு. கண்ணுக்குத்தான் சம்பளம், மீதி ரோசலின் சும்மா கூட வர்றா.

வாங்க வேண்டியது:
கொசுவர்த்தி
டார்ச் பேட்டரி
சிவப்பு அங்பாவ் உறை, சீனப் புத்தாண்டுக்குக் காசு வைக்கிறது (டார்ச் மேல மாட்ட, இருட்டுல கண்ணு கூசாம இருக்க. போன வருஷத்து உறை கிழிஞ்சு வெள்ளை வெளிச்சம் வருது)
ரொட்டி

வேலை முடிஞ்சு யோங் பெங் டவுன், ஹாஜா பாய் கடை. டெலஸ்கோப் அவரோடது, கடை ஸ்டோர்ல வெங்காய மூட்டை பக்கத்துல நிக்குது. ஏழு வருஷமா ரெண்டு பேரும் அதுலதான் மாத்தி மாத்தி கண்ணு வைக்கிறோம். பார்த்தவுடனே சொன்னார், டீ ஆத்திக்கிட்டே, ஏதோ கேஸ் தீர்ந்துபோச்சுன்னு சொல்ற மாதிரி.

"வலது கண்ணுக்கும் நாள் குடுத்துட்டாங்கக்கா. வர்ற புதன்."

சர்க்கரை. இடது கண்ணுக்கு டிசம்பர்ல லேசர் அடிச்சாச்சு. அது இப்ப பகல்லயே மசமசன்னு இருக்கு. வலதுதான் நல்ல கண்ணு, டெலஸ்கோப்புக்கு வைக்கிற கண்ணு. டாக்டர் ரெண்டு வழி சொல்லியிருக்கார். ஊசின்னா மாசா மாசம் ஜேபி ஆஸ்பத்திரிக்குப் போகணும், எத்தனை காலம்னு சொல்ல முடியாது, ஆனா இருட்டுல பார்க்கிறது மிஞ்சும். லேசர்னா சீக்கிரம் முடிஞ்சிரும், ஆனா ஓரப்பார்வையும் இருட்டுப் பார்வையும் குறைஞ்சிரும்.

"ராத்திரியில கண்ணு தேவைப்படுற வேலை ஏதாச்சும் இருக்கான்னு கேட்டாருக்கா. என்னா சொல்றது? குதிரை தேடுறேன்னா?"

சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரல.

அப்புறம் அவரே ஒரு கணக்குப் போட்டு வச்சிருக்கார். புதனுக்குள்ள குதிரைத்தலை, ஓரியன் இடுப்புக்கிட்ட இருக்கிற அந்தக் கறுப்பு நெபுலா, தெரிஞ்சா ஊசி. தெரியலன்னா லேசர்.

"தெரியாத கண்ணைக் காப்பாத்தி வச்சு என்னா பண்றதுக்கா? அக்கா பார்த்துட்டீங்க. நாலு வருஷமா நானும் பார்க்கிறேன், ஒண்ணும் ஆகல. கண்ணுலதான் கோளாறு."

கல்லாவுக்கு மேல, லைசென்ஸ் பக்கத்துல, ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கார் என் படத்தை. கறுப்புப் பென்சில். நட்சத்திரம், மங்கலா ஒரு பட்டை, அதுல குதிரைத்தலை. கீழே என் பேர். வர்றவன் போறவன்கிட்ட எல்லாம், "இது போட்டோ இல்ல லா, அக்கா கண்ணால பார்த்து வரைஞ்சது." மீ கோரெங் சாப்பிட வந்தவன் தலையாட்டிட்டுப் போறான்.

டீக்கு காசு வாங்க மாட்டேன்னுட்டார். எப்பவும் போல.

பிப்ரவரி 7, சனி

மேகம். முழுசா மேகம்.

ஆனாலும் போனோம். தோட்டம் அவர் மாமனாரோடது, ரெண்டு ஏக்கர் செம்பனை. மறுநடவுக்கு நடுவுல மரம் வெட்டின இடம் இருக்கு, அங்கதான் வானம் திறந்து தெரியும். எட்டரைக்கு இருட்டு. பத்து வரைக்கும் நாற்காலியில உக்காந்து மேகத்தைப் பார்த்தோம். கொசு எங்களைப் பார்த்துச்சு.

பக்கத்துத் தோட்டத்து தவுக்கே, சீன முதலாளி, டிராகன் பழம் போட்டிருக்கார். சீசன் இல்லாத காலத்துல பூக்கணும்னு ராத்திரி முழுக்க மஞ்சள் பல்பு, வரிசை வரிசையா, கல்யாண வீடு தோத்துச்சு. பாய் போகும்போதே ரெண்டு பொட்டலம் மீ கோரெங் தாப்பாவ் கட்டிட்டுப் போவார். தவுக்கே வாங்கிக்குவார், மலாய்ல சரி சரின்னு, "போலே, போலே, பத்து மணி வரைக்கும்," சுவிட்சைத் தட்டிருவார். மூணு வருஷமா இதுதான் ஒப்பந்தம். முதல் தடவை நான் கறுப்புத் துணி போர்த்திக்கிட்டு நின்னதைப் பார்த்து மனுஷன் பேய்னு ஓடினது தனிக்கதை.

இன்னிக்கு மீ கோரெங் வீண். விளக்கு அணைஞ்சுச்சு, வானம் திறக்கல.

திரும்பும்போது பாய் காடி ஓட்டல. நான்தான். எதிர்ல வர்ற லைட் ஒவ்வொண்ணும் அவருக்குப் பூசணிக்காய் அளவு தெரியுதாம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

சர்ச்சுல பூசை. சாமியார் நீளமாப் பேசினார். வெளியே வந்தா பளிச்னு நீல வானம். பகல்ல! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்ல.

சேவியர் சிங்கப்பூர்லேர்ந்து சனி ராத்திரி வந்தவர், சாயங்காலம் கிளம்பியாச்சு. ஒரு நாள் புருஷன். போறப்ப கேட்டார், "உன் குதிரை கட்டின கயித்துலயே இருக்கா, அவுத்துக்கிட்டு ஓடிருச்சா?" ஏழு வருஷத்துல ஒரு தடவைகூட டெலஸ்கோப்புல கண்ணு வைக்கல இந்த மனுஷன்.

ராத்திரி மழை.

ஒண்ணு எழுதி வைக்கிறேன், வேற யாருகிட்டயும் சொல்ல முடியாது. அந்த ஒரு தடவைக்கு அப்புறம் எனக்கும் குதிரை தெரியல. நாலு வருஷமா. பல்பு மேல பழி போடுறேன், பனி மேல போடுறேன், வயசு மேல போடுறேன். பாய் கேட்டா, "இன்னிக்கு சந்தேகமா இருக்கு பாய்"ம்பேன்.

பிப்ரவரி 9, திங்கள்

தெளிஞ்சுச்சு! ஏழு மணிக்கு மேகம் கலைஞ்சு, எட்டரைக்கு நட்சத்திரம் கொட்டிக் கிடந்துச்சு. லீவு கேக்காமலே ஓ.டி.க்கு நாமம் போட்டுட்டு ஓடினேன். பாய் கடையை மனைவி மைமூன்கிட்ட விட்டுட்டு ரெடியா நின்னார். மீ கோரெங் ரெண்டு, தவுக்கே போலே போலே, விளக்கு அவுட்.

ஓரியன் நட்டநடு உச்சியில. நம்ம ஊர்ல அது ஒரு தொல்லை, தலைக்கு நேர் மேல வந்திரும். டெலஸ்கோப் குழாய் செங்குத்தா நிக்குது, தள்ளினா வழுக்குது, பிடிச்சா ஆடுது.

வரிசை:
பெரிய நெபுலா: சொல்லவே வேணாம், பால் கொட்டின மாதிரி.
இடுப்புக் கடைசி நட்சத்திரம்: கண்ணு கூசுது. பார்வைக்கு வெளியே தள்ளியாச்சு.
மங்கல் நட்சத்திரம் (சுத்தி புகை படிஞ்ச மாதிரி இருக்கிறது): தெரிஞ்சது, சுலபம்.
ஒளிப்பட்டை: குதிரைக்குன்னே வாங்கின ஃபில்டர் போட்டு, தலையில கறுப்புத் துணி போர்த்தி, ஓரப்பார்வையில... ஒரு மூச்சு நேரம். இருந்துச்சு, போச்சு.
குதிரை: இல்லை.

இல்லை. அந்தப் பட்டையில ஒரு கறுப்புக் கடி, நகத்தளவு. அவ்வளவுதான் குதிரைங்கிறது. இல்லவே இல்லை. நோட்டுல என்னா எழுதினேன்? "சந்தேகம்". வெட்கமா இருக்கு.

பாய் அரை மணி நேரம் கண்ணு வச்சிருந்தார். துணிக்குள்ள ஆள் அசையல. ரெண்டு மூணு தடவை குழாயை விரலால தட்டினார், மங்கலானது ஆடினாத்தான் கண்ணுல படும். மூச்சு விடுற சத்தம் மட்டும். வெளியே வந்து சிவப்பு டார்ச்சுல வரைஞ்சார், எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு.

நான் எட்டிப் பார்க்கல. அது சட்டம். நான் போட்ட சட்டம்தான், ஃபேக்டரியிலேர்ந்து எடுத்தது. அங்க ஒரே துணியை ரெண்டு பேர் பார்ப்போம்:
பார்க்கும்போது பேச்சு கூடாது.
அவங்கவங்க தனியாக் குறிக்கணும்.
மறுநாள்தான் ஒப்பிடணும்.
ரெண்டும் ஒத்து வரலன்னா சீனியர் குறிச்சதுதான் நிக்கும்.
சீனியர் யாரு? நான்தான். பாய் முதல் நாளே சொல்லிட்டார், "கண்ணு வச்சு சம்பாதிக்கிறவங்க நீங்க, நான் கரண்டி வச்சு சம்பாதிக்கிறவன்."

திரும்பும்போது நோட்டை மூடி மடியில வச்சுக்கிட்டு வந்தார். என்னா வரைஞ்சார்னு நான் கேக்கல.

பிப்ரவரி 10, செவ்வாய்

பத்தரைக்கு டீ பிரேக்ல போன் போட்டேன்.

"எனக்குத் தெரியலக்கா."

"ஒண்ணுமேவா பாய்?"

"ஒண்ணுமே இல்லன்னு..." நிறுத்தினார். "இல்லக்கா. தெரியல. விடுங்க. சந்தோஷமா லேசர் அடிச்சுக்கிறேன்."

அதுக்குள்ள சூப்பர்வைசர் கூப்பிட்டா. "ரோஸ், ரோல் வந்துருச்சு, மேசின் காத்துக்கிட்டு இருக்கு!" வச்சுட்டேன்.

சாயங்காலம் மேகம். கடைசி நாள் அப்படியே போச்சு. ராத்திரி ஜன்னல்ல நின்னு வானத்தைத் திட்டினேன். பக்கத்து வீட்டு நாய் குரைச்சுச்சு, என்னைப் பார்த்து.

பிப்ரவரி 11, புதன்

இன்னிக்கு வலது கண்ணு.

மைமூன் மெசேஜ், மூணு மணிக்கு: "முடிஞ்சுது அக்கா. வாந்தி எடுத்தாங்க. இப்ப படுத்திருக்காங்க."

துணியில நாலு பழுதை விட்டுட்டேன் இன்னிக்கு. பத்தொன்பது வருஷத்துல ஒரே நாள்ல நாலு, இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 13, வெள்ளி

யோங் பெங். பாய் கடையில கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்திருக்கார். கல்லாவில நோட்டைத் தடவித் தடவிப் பார்க்கிறார், அஞ்சா பத்தான்னு. வீக்கம் வடிய நாளாகும்னு டாக்டர் சொன்னாராம். எழுத்து கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பும். இருட்டு திரும்பாது.

"நேத்து ராத்திரி வாசல்ல நின்னேன்க்கா. கரண்ட் போன மாதிரி இருந்துச்சு. மைமூன்கிட்ட கேட்டேன், 'ஓரியன் இருக்கா?' இருக்குங்கிறா. எங்கன்னு கேட்டா வாழைமரத்தைக் காட்டுறா."

டெலஸ்கோப்பை எடுத்துக்கிட்டுப் போங்கன்னார். வேணாம்னேன். "வெங்காயம் வைக்க இடம் பத்தலக்கா," அப்படின்னுட்டு எழுந்து உள்ள போயிட்டார். கடைப் பையன் ரெண்டு பேர் தூக்கி என் காடியில வச்சாங்க. கூடவே ஒரு பிளாஸ்டிக் பை: ஃபில்டர், கறுப்புத் துணி, அவரோட நோட்டு ஒண்ணு. ஆர்டர் எடுக்கிற நோட்டு, பின்பக்கமெல்லாம் நட்சத்திரம்.

வழி முழுக்கப் பின் சீட்டுல குழாய் உருண்டுக்கிட்டே வந்துச்சு. ஆளு படுத்திருக்கிற மாதிரி. அழுகை வந்துச்சு, லோரிக்காரன் ஹாரன் அடிச்சான், நின்னுருச்சு.

பிப்ரவரி 14, சனி

மழை. வீட்டுல. நோட்டைப் பிரிச்சேன்.

அழகா எழுதியிருக்கார். ஒவ்வொரு பக்கத்துலயும் ஒரு பக்கம் "ரொட்டி சானாய் 2, தே தாரிக் 3", திருப்பினா கூம்பு நெபுலா. சில இடத்துல எண்ணெய்க் கறை. சிரிச்சுக்கிட்டேதான் படிச்சேன்.

அப்புறம் நாலு வருஷத்துக்கு முன்னால, பிப்ரவரி. நான் குதிரையைப் "பார்த்த" அன்னிக்கு. அப்படியே எழுதுறேன்:

"அக்கா பார்த்து முடிச்சதும் நான். பட்டை தெரியுது. அதுல கறுப்பா ஒரு கடி. மங்கல் ந. இருக்கிற அதே பக்கம். மூணு தடவை வந்துச்சு. அல்ஹம்துலில்லாஹ். இதுதானா?"

கீழே, வேற மையில, மறுநாள் தேதி:

"அக்கா படம் காட்டினாங்க. அதுல கடி எதிர்ப்பக்கம் இருக்கு. மங்கல் ந. பக்கம் இல்லை. அப்ப நான் பார்த்தது வேற ஏதோ. கேன்சல்."

நேர்கோடா ஒரு அடி. ஸ்கேல் வச்சு அடிச்சிருக்கார்.

ரெண்டு வருஷம் கழிச்சு இன்னொண்ணு. "அதே இடத்துல அதே கடி. தப்பான பக்கம். கேன்சல்."

கடைசிப் பக்கம். போன திங்கள்:

"மறுபடி அதே. குழாயைத் தட்டினாலும் அங்கேயேதான் இருக்கு. அக்கா படத்துல அந்தப் பக்கம், எனக்கு இந்தப் பக்கம். என் கண்ணு ஒரே பொய்யைத்தான் சொல்லுது, மாத்திக்கூட சொல்ல மாட்டேங்குது. கேன்சல். புதன் லேசர்."

இதுக்கு மேல இன்னிக்கு எழுத முடியல.

பிப்ரவரி 15, ஞாயிறு

பூசைக்குப் போகல. தலைவலின்னு சேவியர்கிட்ட சொன்னேன்.

புத்தகத்தை எடுத்தேன், போட்டோ இருக்கிற பக்கம். எங்க டெலஸ்கோப்புல எல்லாமே தலைகீழாத் தெரியும், அதனால புத்தகத்தைத் தலைகீழாத் திருப்பி வச்சேன். என் படம் கடைச் சுவத்துல. போன்ல ஒரு போட்டோ இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சேன்.

நட்சத்திரம் எல்லாம் சரி. மங்கல் நட்சத்திரம் சரி. பட்டை சரி. எல்லாம் தலைகீழா, எப்படித் தெரியணுமோ அப்படி.

குதிரை மட்டும் நேரா நிக்குது.

போட்டோவுல இருக்கிற மாதிரி, கழுத்து கீழே, தலை மேலே, ஜம்முனு. வீடே கவுந்து கிடக்கு, ஒரு நாற்காலி மட்டும் நேரா நிக்குது. அதனாலதான் கடி எதிர்ப்பக்கம் போயிருச்சு. மங்கல் நட்சத்திரமும் கடியும் ஒரே பக்கம்தான் இருக்கணும். போட்டோவைப் பார்த்தா சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நாலு வருஷமா நான் ஒரு தடவைகூட ஒப்பிட்டுப் பார்க்கல. எதுக்குப் பார்க்கணும்? நான்தான் சீனியராச்சே.

அப்புறம் என் பழைய ஃபைலைத் தோண்டினேன். அன்னிக்கு இருட்டுல போட்ட ரஃப் தாள் இருந்துச்சு. நட்சத்திரம், பட்டை. கடி இல்லை. குதிரையே இல்லை. மறுநாள் காலையில, மேசையில உக்காந்து, "நீட்டா" வரைஞ்சப்பதான் வந்திருக்கு. அந்த வாரம் முழுக்க அந்த போட்டோவைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். தூங்கும்போதுகூட அதுதான்.

பொய்யா? பொய் சொல்லணும்னு நினைக்கல, சத்தியமா. ஆசைப்பட்டேன். பார்த்திருப்பேன்னு நினைச்சேன். நினைச்சது பென்சில்ல வந்திருச்சு. இல்லாத பழுதுக்கு ஸ்டிக்கர் ஒட்டினா வேலையை விட்டுத் தூக்கிருவாங்க. இங்க ஃபிரேம் போட்டு மாட்டினாங்க.

படத்தை அன்னிக்கு நான் காட்டினப்ப அவர் கையில ஒரு தாள் மடிச்சு வச்சிருந்தார். இப்ப ஞாபகம் வருது. சட்டைப் பையில வச்சுக்கிட்டார். "உங்களோடது எங்க பாய்"னு நான் கேக்கல.

பிப்ரவரி 16, திங்கள்

நாளைக்குச் சீனப் புத்தாண்டு. ஃபேக்டரி அரை நாள்.

எனக்கே எனக்காகப் பார்க்கணும்னு தோணுச்சு. கடி எந்தப் பக்கம்னு இந்தக் கண்ணால ஒரு தடவை. ஒருவேளை பாய்தான் தப்பா, நான் சரியா, புத்தகம் தப்பா? என்ன ஒரு கேவலமான ஆசை. அதையும் எழுதி வைக்கிறேன்.

தனியாப் போனேன். குழாயைத் தனியாத் தூக்கி, இடுப்பு பிடிச்சுக்கிச்சு. வானம் கண்ணாடி மாதிரி. நிலா இல்லை. வருஷத்துக்கு ரெண்டு நாள் வாய்க்கும் இப்படி.

பல்பு எரியுது. வரிசை வரிசையா, மஞ்சள் மஞ்சளா.

நான் மீ கோரெங் கொண்டு போகல. நினைப்பே இல்லை. தவுக்கே வீட்டு வாசல்ல நின்னு கூப்பிட்டேன். வேலைக்காரன் வந்தான். தவுக்கே மகன் வீட்டுக்கு விருந்துக்குப் போயாச்சு, சுவிட்ச் ரூம் பூட்டு. "மாஃப், கக்கா," மன்னிப்புக் கேட்டுச் சிரிச்சான், ஒரு மாண்டரின் ஆரஞ்சு குடுத்தான்.

ஆனாலும் பார்த்தேன். ரெண்டு துணி போர்த்தி. பட்டைகூடத் தெரியல. மங்கல் நட்சத்திரம்கூட வெறும் நட்சத்திரம். அழுதேன், கண்ணாடிவில்லை ஈரமாச்சு, துடைச்சேன், மறுபடி ஈரம்.

அந்தக் குதிரையை எங்க ரெண்டு பேருல ஒருத்தர்தான் பார்த்திருக்கோம். மூணு தடவை. அவருக்குத் தெரியாது. இனிமே அவரால பார்க்கவும் முடியாது.

ஆரஞ்சு இன்னும் காடியிலயே கிடக்கு.

பிப்ரவரி 17, செவ்வாய்

லீவு. பட்டாசு, காலையிலேர்ந்து. சேவியருக்கும் லீவு. சொல்லிட்டேன், எல்லாத்தையும்.

கேட்டுக்கிட்டே மீன் முள்ளை எடுத்தார். முழுசா எடுத்து முடிச்சுட்டு, "சொல்லாத," அப்படின்னார்.

"எப்படி சொல்லாம இருக்கிறது?"

"வாயை மூடிக்கிட்டுத்தான். போன கண்ணு வருமா?"

"வராது."

"அப்புறம் எதுக்கு? அந்த மனுஷன் தன் கண்ணு சரியில்லன்னு நினைச்சு சமாதானமா இருக்கார். நீ போய், 'உன் கண்ணு நல்ல கண்ணு, என் பேச்சைக் கேட்டு அவிச்சுக்கிட்டே'ன்னு சொல்லப் போறியா? யாருக்கு நல்லது அது? உனக்குத்தான் நல்லது. உன் மனசு லேசாவும்."

அவர் சொல்றது சரிதான். அதுதான் எரிச்சல். சட்டியைக் கொஞ்சம் வேகமாவே வச்சேன்.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

சாயங்காலப் பூசை. நெத்தியில சாம்பல்.

பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை. நானும் நின்னேன். எனக்கு முன்னால நாலு பேர். என்னான்னு சொல்றது? "சாமி, இல்லாத குதிரையைப் பார்த்தேன்"னா? கோபம் சொல்வேன், புறணி சொல்வேன், சாமியார் மூணு அருள்நிறை ஜெபம் குடுப்பார், சொல்லிட்டு வீட்டுக்கு வந்து சோறு தின்பேன். யோங் பெங்ல அவர் கல்லாவில நோட்டைத் தடவிக்கிட்டு இருப்பார்.

முன்னால ஒரே ஒரு ஆள் இருக்கும்போது வரிசையை விட்டு வந்துட்டேன். பின்னால நின்ன பொம்பளை, "என்னக்கா, மறந்துட்டீங்களா?"

மறக்கல.

நாளைக்குப் பாய்க்கு நோன்பு ஆரம்பம். நாளைக்கே போறேன்.

பிப்ரவரி 19, வியாழன்

வெயில், பயங்கர வெயில். முதல் நோன்புக்காரங்க பாவம்.

ஆறே முக்காலுக்குக் கடை. உள்ளே கூட்டம், எல்லார் முன்னாலயும் கஞ்சி, யாரும் தொடல, பாங்குக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க. பாய் கல்லாவில. நான் நேரா நாற்காலி போட்டு ஏறி ஃபிரேமைக் கழட்டினேன். மைமூன், "என்னக்கா, கண்ணாடி துடைக்கவா?"

"இல்லம்மா."

பாய் முன்னால வச்சேன். சொன்னேன். ஒழுங்காச் சொல்லல, முன்னுக்குப் பின்னா, நோட்டைப் படிச்சேன்னு, நட்சத்திரம் தலைகீழ் குதிரை நேருன்னு, ரஃப் தாள்ல ஒண்ணும் இல்லன்னு. "உங்க கடிதான் பாய் குதிரை. மங்கல் நட்சத்திரம் பக்கம்தான் இருக்கணும். மூணு தடவையும் நீங்க பார்த்தது அதுதான். நான் பார்க்கல. ஒரு தடவைகூடப் பார்க்கல."

கறுப்புக் கண்ணாடியைக் கழட்டினார். கண்ணு ரெண்டும் சிவப்பு.

"திங்கக்கிழமையுமா?"

"திங்கக்கிழமையும்."

யாரோ காசு கட்ட வந்தாங்க, மைமூன் அந்தப் பக்கம் இழுத்துட்டுப் போனா.

"நான் ஊசி போட்டிருப்பேன்க்கா."

அவ்வளவுதான். கத்தியிருந்தா தாங்கியிருப்பேன்.

"மன்னிச்சிருங்கன்னு கேக்க வரல பாய். கேக்குறதுக்கு எனக்கு வாய் இல்லை. உங்களுக்குத் தெரியணும்னுதான்."

பாங்கு சொன்னாங்க. பேரீச்சம்பழம் வாயில போட்டார், தண்ணி குடிச்சார். கஞ்சிக் கிண்ணம் ஒண்ணை என் பக்கம் தள்ளினார், என்னைப் பார்க்காம, எல்லாருக்கும் தள்ளுற மாதிரி. வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், ஆறிப்போச்சு.

தொழுதுட்டு வந்தார். உக்காந்தார்.

"நோட்டு எங்க?"

குடுத்தேன்.

"பேனா."

நாலு வருஷத்துக்கு முந்தின அந்தப் பக்கத்தை நான் பிரிச்சுக் குடுத்தேன், மூக்குக்கிட்ட வச்சுப் பார்த்தார். பிரயோஜனம் இல்லை. "கேன்சல்னு எழுதின இடத்துல என் விரலை வைங்க."

வச்சேன். விரல் சூடா இருந்துச்சு. விரலை எடுக்காமலே அதுக்கு மேல எழுதினார், மெதுவா.

"சரியா விழுந்துச்சா?"

விழல. ரெண்டு வரி கீழே போய், கறை மேல விழுந்திருந்துச்சு, பாதி எழுத்து பாதி எண்ணெய். மைமூன் என் முகத்தைப் பார்த்தா. ஆமான்னு சொல்லுங்கன்னு கண்ணாலயே கெஞ்சினா.

"இல்ல பாய். கீழே போயிருச்சு."

மறுபடி விரல். மறுபடி எழுதினார்.

"இப்ப?"

"இல்ல. ஓரத்துக்குப் போயிருச்சு."

மூணாவது தடவை. நேரா அடிச்ச கோட்டு மேலயே, பெரிசா, கோணலா: பார்த்தேன்.

"இப்ப?"

"ஆமா பாய். இப்ப சரி."

பேனாவை மூடல. கையிலயே வச்சுக்கிட்டார்.

"பக்கத்தைத் திருப்புங்க. இன்னும் ரெண்டு கேன்சல் இருக்குல்ல."